மூன்றாம் கல்லுக்கு அந்தண்டை

எங்கள் மன்னி யாரையும் வா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அங்கேயே நில்லு" என்பதுதான் அவளுடைய வரவேற்பு.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒன்பது கருங்கற்கள் வரிசையாகப் பாவியிருக்கும். கதவுப் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது கல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். கீரைக்காரி, பால்காரர், ஆபீஸ் சட்டையைக் கழற்றாமல் கால் கழுவ வரும் அவளுடைய சொந்தப் புருஷன், யாராயிருந்தாலும் அந்த உடைந்த மூலைக்கு அந்தண்டைதான் நிற்கவேண்டும். இதில் சாதிப் பார்வையும் இருந்தது, இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் கீரைக்காரிக்கும் கட்டின புருஷனுக்கும் ஒரே கல்லை ஒதுக்கியவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

மன்னி என்றால் என் கணவரின் மூத்த அண்ணாவுடைய மனைவி. பன்னிரண்டு பிள்ளைகளில் அண்ணா முதல், என் கணவர் கடைசி. மாமியார் போய்ச் சேர்ந்தபோது இவருக்கு மூன்று வயசாம். மன்னிக்குக் குழந்தை இல்லை. இவரை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டி வளர்த்ததெல்லாம் அவள்தான். அப்படி வளர்த்த பிள்ளையையே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின நாளிலிருந்து, சாயங்காலம் மூன்றாம் கல்லில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டாளாம். "நான் படிச்சு உத்தியோகத்துக்கு வந்ததே மூணாம் கல்லிலேதான்" என்று இவர் சொல்வார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தேன். எனக்கு அம்மா இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வந்த முதல் வாரமே மன்னி எனக்குக் காப்பி கொடுத்த அழகைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். டம்ளரைத் தரையில் வைப்பாள், இரண்டடி பின்னால் போவாள், "எடுத்துக்கோ" என்பாள். மோர் வார்த்தால் ஒரு முழ உயரத்திலிருந்து விழும், ஒரு சொட்டு வெளியே தெறிக்காது.

"சந்நிதியிலே பெருமாள்கூட இத்தனை தள்ளி நிக்கச் சொல்லலையே மன்னி" என்றேன்.

"பெருமாளுக்குத் தீட்டு இல்லை. நமக்கு உண்டாக்கும்" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "கிட்ட இருந்தா முட்டப் பகைன்னு உங்க ஊர்லே சொல்லமாட்டாளோ? எட்டி நில்லு, நாமெ ரெண்டு பேரும் நன்னா இருப்போம்" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தோம். ஒருமுறை குடும்பத்தோடு விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போனோம். எல்லாரும் முழங்கால் வரை இறங்கிக் கூத்தடிக்கிறோம், மன்னி மட்டும் தென்னைகள் நிற்கிற மேட்டை விட்டு இறங்கவில்லை. அலை சற்றுப் பெரிதாக வந்தால் இன்னும் நாலடி பின்னால் போவாள். கடலுக்கும் மூன்றாம் கல் வைத்தவள் என்று வீட்டில் பல நாள் சொல்லிச் சிரித்தோம். அவளும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவளுடைய பெருமையெல்லாம் ஒன்றில்தான் இருந்தது. நாற்பத்தேழு வயசிலேயே அவளுக்குத் தூரம் நின்றுபோயிருந்தது. மாதத்தில் மூன்று நாள் எங்களைப் போலக் கொல்லை அறையில் போய் ஒதுங்க வேண்டியதில்லை. முப்பது நாளும் அடுப்படி அவளுடையது. சிராத்தச் சமையலுக்குத் தெருவில் பாதி வீடுகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "நான் நித்திய சுத்தம்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, திருஷ்டி பட்டுவிடுமோ என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தூரம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் வந்த வருஷத்து மார்கழியில் ஒரு காலை. நான் கொல்லை அறையில் இரண்டாம் நாள் உட்கார்ந்திருந்தேன். வெண்பொங்கலுக்கு நெய் காய்ச்சிக்கொண்டிருந்த மன்னி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஒன்பது கல்லையும் கடந்து என் அறை வாசலில் நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"நகந்துக்கோ. நேக்கும் தூரம்" என்றாள்.

வேறொருத்தியாக இருந்தால் மூடி மறைத்துப் பொங்கலை முடித்திருப்பாள். ஐம்பதை எட்டப்போகும் வயசில், இரண்டு வருஷம் நின்று போனது திரும்ப வந்தது என்றால் தெருவே வாயில் போட்டு மெல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். மென்றார்கள் என்பதும் உண்மை. "மன்னிக்கு மறுபடியும் வயசு வந்துடுத்து" என்று குளத்தங்கரையில் சிரித்தார்கள். ஆனால் தீட்டை மறைத்து அடுப்பைத் தொட அவளுக்குக் கை வராது. தெருக்காரர்களை ஏமாற்றலாம், பெருமாளை ஏமாற்ற முடியுமா என்பது அவள் கணக்கு.

அந்த அறையில் அவளோடு உட்கார்ந்திருந்த நாட்கள்தான் நாங்கள் உண்மையில் பேசிக்கொண்ட நாட்கள். தீட்டுக்காரிக்குத் தீட்டுக்காரி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் போதுமாம், மூன்று கல் வேண்டாமாம். சின்ன வயசில் அவள் வீட்டுக் கிளி பறந்துபோனது முதல் அண்ணாவின் குறட்டை வரைக்கும் சொல்லுவாள். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

ஆனால் ஒரு முழ தூரத்தில் இருந்தால் கண்ணுக்குச் சில விஷயங்கள் படத்தானே செய்யும்? மன்னியின் துணியில் கறையே இல்லை. தென்னைக்குப் பின்னால் காயும் என் துணியையும் அவள் துணியையும் பார்த்தால் தெரியும். அவள் ஒன்றுக்குப் போய்விட்டு வந்த பிறகு சாக்கடையில்தான் சிவப்பாக ஓடும். பீட்ரூட் அலம்பின தண்ணீர் மாதிரி. இரண்டு நாள் வரும், நிற்கும். பத்தே நாளில் திரும்ப வரும். அப்புறம் ஒரு மாதம் ஒன்றும் இருக்காது.

மூன்றாம் தடவை கேட்டேவிட்டேன். "மன்னி, இது தூரம் இல்லை. நீர் போறபோதுதானே ரத்தம் வருது?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அது வேற வியாதி மன்னி."

"வலி உண்டோ? இல்லை. எரிச்சல் உண்டோ? இல்லை. பின்னென்ன வியாதி?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த வாசல் வழியா வந்தா என்னடி? ரத்தம் ரத்தம்தான். தீட்டு தீட்டுதான்" என்றாள்.

அவள் அறியாமையால் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், சந்தேகம் என்று வந்தால் சாஸ்திரத்தின் பக்கம் ஒதுங்குவதுதான் நேர்மை என்று நினைத்தாள். சிவப்பு தெரிந்தால் கொல்லை அறை, நின்ற பிறகு தலைமுழுகிவிட்டு அடுப்படி. இப்படியே இரண்டு மூன்று மாதம் போயிற்று. இதற்குள் நான் உண்டாகியிருந்ததால் கொல்லை அறைக்கு அவள் தனியாகத்தான் போனாள். நான் வாசற்படிக்கு வெளியே நின்று பேச்சுத் துணையாக இருப்பேன்.

எனக்கு மாதா மாதம் பார்க்கக் கோட்டைக்கு வெளியே ஒரு டாக்டரம்மாவிடம் போவோம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், வெடுக்கென்று பேசுவார், கை மட்டும் பஞ்சு. மன்னியைத் துணை என்று சொல்லி அழைத்துப் போய் அங்கே மாட்டிவிட்டேன். டாக்டரம்மா சிறுநீரைச் சீசாவில் பிடித்துத் தரச் சொன்னார். தெளிந்த பன்னீர் மாதிரி இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே.

"ஒண்ணும் தெரியலியே. இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

இருக்காதா பின்னே? சிவப்பு வந்த நாளில் மன்னி கொல்லை அறையை விட்டு நகரமாட்டாள். தீட்டோடு நாலு பேர் நடமாடும் தெருவில் காலை வைப்பாளா, இன்னொருத்தி கை தன் மேல் பட விடுவாளா? ரத்தம் நின்று, ஸ்நானம் பண்ணி, மடிசார் கட்டி, குங்குமம் இட்டுக்கொண்டு, வியாதி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து டாக்டரிடம் வருவாள். எந்த டாக்டருக்குத்தான் என்ன தெரியும்? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

கடைசியில் நான்தான் துணிந்தேன். அடுத்த வருஷத் தை மாதம், எட்டாவது மாத வயிற்றோடு, அவள் கொல்லையில் ஒதுங்கியிருந்த நாளில் ஒரு மருந்துச் சீசாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தேன்.

"இதிலே பிடிச்சுத் தாங்கோ. நான் கொண்டு போறேன்."

"உனக்குப் பிராந்தா? பிள்ளைத்தாச்சி அதைத் தொடவாவது!"

"தரலைன்னா இந்த வெயில்லே இங்கேயே நிப்பேன்."

நின்றேன். கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு சீசாவை எடுத்துக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுக்கும்போது தரையில் வைத்துவிட்டு வழக்கம்போலப் பின்னால் போனாள். வீட்டுக்குள் கொண்டு போகக்கூடாது என்று கெஞ்சியதால், பக்கத்துச் சந்து வழியாகத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

டாக்டரம்மா சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"வலி இல்லேன்னுதான சொன்னாங்க?"

"ஆமாம்."

"வலிச்சா நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். வலிக்காம வர்ற ரத்தம்தான் மோசம். இது கர்ப்பப்பையில இருந்து வரல, நீர்ப்பையில இருந்து வருது. உள்ள ஏதோ வளருதுன்னு நினைக்கேன். குழாய் விட்டு, விளக்கு வச்சுப் பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரியில ஒரு சர்ஜன்தான் அதைச் செய்வார். சின்னதா இருக்கும்போதே பாத்துட்டா கரண்ட் வச்சுப் பொசுக்கி எடுத்துரலாம். ரத்தம் வர்ற நாள்ல கூட்டிட்டு வரணும், கேட்டியளா? நல்ல நாளாப் பாத்துக் கூட்டிட்டு வராதீங்க."

மாசி மாதத்தில் ஒரு தேதி குறித்துக் கொடுத்தார். மன்னியைச் சம்மதிக்கவைக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. ஆண் டாக்டர், குழாய், தீட்டு நாள், மூன்றும் சேர்ந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அழுதாள். இரண்டு வேளை சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் என்னை மூன்றாம் கல்லுக்குக் கூப்பிட்டு, எதிரே நின்றுகொண்டு சொன்னாள்.

"வரேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நாள், நேரமெல்லாம் உன் பொறுப்பு. நீ எழுந்திருன்னா எழுந்திருப்பேன், நடன்னா நடப்பேன். நானா என் வாயாலே எப்போ போறதுன்னு கேக்கமாட்டேன். அது மட்டும் என்னாலே ஆகாது."

"சரி மன்னி, நான் கூப்பிடறேன்" என்றேன்.

குறித்த தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் தெருவில் நாலாம் வீட்டில் வைசூரி கண்டது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிப்போன மறு கோடை அது. ஊரில் அங்கங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டுக்கொண்டுதான் இருந்தோம். நாலாம் வீடு, பிறகு எதிர்வரிசையில் இரண்டு வீடு. வாசலுக்கு வாசல் வேப்பிலை. தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டிப் போலீஸ்காரர் நின்றார். ஆஸ்பத்திரியில் அவசரம் இல்லாத வைத்தியமெல்லாம் நிறுத்திவிட்டார்கள், சர்ஜனை ஊருக்கு வெளியே வைசூரிக்காரர்களுக்காகப் போட்ட கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மாசித் தேதி போயிற்று. வலிக்காத வியாதியை யார் அவசரம் என்பார்கள்?

அந்தக் கோடையில்தான் மன்னி ராணியாக இருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்த தெரு முழுக்க இப்போது அவளைப் போலவே எட்டி நின்றது. வாசலுக்கு வாசல் கோலமாவால் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்கள். காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். குளத்தங்கரையில் கேலி பண்ணினவர்களே எங்கள் கொல்லைக்கு வந்து, "மன்னி, எத்தனை அடி தள்ளி நிக்கணும்? காசை எப்படி அலம்பணும்?" என்று கேட்டார்கள். மன்னி மூன்றாம் கல்லைக் காட்டுவாள். மஞ்சள் நீர், வெந்நீர், வெயில் என்று வரிசையாகச் சொல்லுவாள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

பங்குனியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெளியூரிலிருந்து யாரும் வரமுடியாது. தெருவிலிருந்த மருத்துவச்சியும் மன்னியும்தான் பார்த்துக்கொண்டார்கள். நல்ல நாட்களில் மன்னியே குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். யாரையும் தொடாதவள் குழந்தையைத் தொடுகிற அழகைக் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். நலுங்காமல் எடுப்பாள். குழந்தைக்குத் தீட்டு கிடையாது என்று அவளே ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தாள்.

சித்திரையில் நாலாம் வீட்டுக் கைக்குழந்தை செத்துப்போயிற்று. என் குழந்தையை விட இரண்டு மாதம் மூத்தது. அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனபோது காற்றில் துணி விலகி முகம் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக்கூடாது. அம்மை குத்த வருகிறவரோ, இத்தனை சின்னக் குழந்தைக்குக் குத்தமுடியாது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்த மாதிரிதான். கதவு முனகினால் பயம், ஈ வந்து உட்கார்ந்தால் பயம். குழந்தையின் உடம்பை நாளைக்குப் பத்துத் தடவை அவிழ்த்துப் பார்ப்பேன்.

அந்த வாரம் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மன்னி கொல்லை அறையில் ஒதுங்கியிருந்தாள். அண்ணாவும் இவரும் ஆபீஸ் இல்லாததால் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கும் ஆள். வாசல் கோலக்கோட்டுக்கு அந்தப் பக்கம், தெரு நடுவில் நின்றுகொண்டு வாயில் கையைக் குவித்துக் கத்தினார்.

"அம்மா! டாக்டரம்மா பறைஞ்சு விட்டதாணு! வெள்ளியாழ்ச்ச காலத்தெ ஒம்பது மணிக்கு சர்ஜன் சார் ஆஸ்பத்திரிக்கு வரும்! ஒரு திவசம் மாத்திரம்! நாலு பேரைத்தான் பாக்கும்! உங்க மன்னிக்கு ஒரு இடம் வெச்சிட்டுண்டு! பின்னாலெ கேட் வழியா வரணும்! போலீஸ்காரன்கிட்ட காட்ட இதா சீட்டு!"

ஒரு காகிதத்தைப் படியில் வைத்து, மேலே கல்லை வைத்துவிட்டு, "கேட்டோ அம்மா?" என்றார்.

"கேட்டுது. சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லவில்லை.

சீட்டை எடுத்தேன். மஞ்சள் நீரில் நனைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் குழந்தையின் தொட்டில் துணிக்கு அடியில் வைத்தேன். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி முழுக்க வைசூரி என்று நினைத்தேன். மன்னி அங்கே போய்விட்டு வந்தால் புடவையில் ஒட்டிக்கொண்டு வரும் என்று நினைத்தேன். வந்து அவள்தானே குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறாள்? அவளுக்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை, ஒரு மாதம் இரண்டு மாதம் பொறுத்தால் என்ன ஆகிவிடும், தெருக் கயிறு அவிழட்டும், நானே பல்லக்கில் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்தேன். துணி விலகித் தெரிந்த அந்த முகத்தை நினைத்தேன். எல்லாவற்றையும் விட அதைத்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கொல்லைக்குப் போனேன். மன்னி தென்னையைப் பார்த்து உட்காருவதுதான் வழக்கம். அன்று வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். மற்ற தீட்டு நாட்களில் உடுத்துகிற கந்தல் இல்லை. முதல் நாளே துவைத்து, கையால் மடித்து, தலைமாட்டில் வைத்து அழுத்தியிருக்க வேண்டும், மடிப்புக் கலையாத அரக்குப் புடவை உடுத்தியிருந்தாள்.

"என்ன மன்னி, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன். கேட்ட நாக்கு இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

"ஒண்ணுமில்லை" என்றாள். "குழந்தை பால் குடிச்சுதோ?"

"குடிச்சுது."

"செரி. அங்கேயே நில்லு, வெயில்லே வராதே."

ஒன்பது மணி அடித்தது. பத்து அடித்தது. நான் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம் பார்த்தபோது மன்னி தென்னையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள், பழைய கந்தலை உடுத்தியிருந்தாள்.

ஆனிக் கடைசியில்தான் தெருக் கயிறு அவிழ்ந்தது. ஆடியில் சர்ஜன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். சொன்ன சொல்லுப்படி நானே கூப்பிட்டேன். "மன்னி, எழுந்திருங்கோ, இன்னிக்குப் போகணும்" என்றதும் ஒரு கேள்வி கேட்காமல் எழுந்தாள். அதற்குள் வலியும் வந்திருந்தது. கட்டி கட்டியாக ரத்தம் போகும், சில நாள் நீர் இறங்காமல் துடிப்பாள். இளைத்துப் பாதியாகிவிட்டாள்.

சர்ஜன் நல்ல மனுஷர். குழாய் வைத்துப் பார்த்துவிட்டு வந்து கையை அலம்பிக்கொண்டே எங்களிடம் சொன்னார். உள்ளே கோழிக்கொண்டைப் பூ மாதிரி வளர்ந்திருக்கிறதாம். பூவாக மட்டும் இருந்தபோது பார்த்திருந்தால் பொசுக்கியிருக்கலாமாம். இப்போது வேர் சதைக்குள் இறங்கிவிட்டதாம். "சித்திரையிலே உங்களுக்கு இடம் வெச்சிருந்தேனே, ஏன் வரலை?" என்று கேட்டார். அண்ணா விழித்தார். நான், தெருவில் கயிறு கட்டியிருந்தது என்று சொன்னேன். பொய் இல்லை. கயிறு கட்டித்தான் இருந்தது.

மன்னி துணித் திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள்.

அண்ணா மருந்து வாங்க நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் குதிரைவண்டியில் திரும்பினோம். கிழக்கேகோட்டையைத் தாண்டினோம். வண்டிக்குள் ஒரு முழத்துக்கு மேல் இடமில்லை. அந்த ஒரு முழத்தை விட்டு அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கோவில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சாதாரணமாக, புளி வாங்கவேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு அந்த ஆள் தெருநடுவிலே நின்னு சொன்னான் பாரு, வெள்ளிக்கிழமைன்னு. கொல்லை வரைக்கும் கேட்டுது."

ஆமாம், எங்கள் வீடு நேர்வாசல் வீடு. வாசலில் நின்றால் கிணற்றடி தெரியும்.

"எட்டி நின்னு பேசறவன் சத்தம் போட்டுத்தானேடி பேசணும்" என்றாள்.

"மன்னி... தெரிஞ்சும் நீங்கோ ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"நானாக் கேக்கமாட்டேன்னு சொல்லியிருந்தேனே" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ கூப்பிடுவேன்னு உக்காந்துண்டிருந்தேன்" என்றாள்.

காலைப் பிடித்துக்கொண்டு அழலாம் என்று குனிந்தேன். காலை உள்ளே இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தொட்டேன். சில்லென்றிருந்தது. வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது.

அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் இருக்கிறான். அவள் முகத்தில் இன்றுவரை ஒரு புள்ளி கிடையாது. தெருவில் அவளோடு விளையாடியவர்களில் இரண்டு பேருக்கு முகம் முழுக்கத் தழும்பு. அவள் குனிந்து எனக்குக் காப்பி கொடுக்கும்போதெல்லாம் அந்த வழவழப்பான கன்னத்தைப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தால் நோய் வந்திருக்குமா, வந்திருக்காதா? யாரைக் கேட்பது? அவளிடம் இதை நான் சொன்னதில்லை.

மன்னி அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். கூடத்தை ஒட்டின அறையில் கட்டில் போட்டிருந்தோம். ரத்தம் நிற்காமல் வந்ததால் கொல்லை அறை என்ற பேச்சே விட்டுப்போயிற்று. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. ஆனால் படுக்கையிலிருந்தபடியே சட்டத்தை விடவில்லை. அண்ணா சட்டையோடு வந்தால், "அங்கேயே நில்லுங்கோ" என்பாள். வளர்த்த பிள்ளை வந்தாலும் அதேதான். டாக்டரம்மா ஊசி போட வந்தால் கூட, கதவருகே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் கையை நீட்டுவாள். கீரைக்காரி பார்க்க வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதபோது, "கொஞ்சம் தள்ளி நின்னு அழு" என்றாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

என்னை மட்டும் சொல்லமாட்டாள். எச்சில் கையோடு போனேன், தெருவில் நடந்த காலோடு போனேன், தூரமான நாளில் வேண்டுமென்றே கட்டிலோரம் வரைக்கும் போய் நின்றேன். கண்ணைத் திறந்து பார்ப்பாள். "வந்தியா" என்பாள். கடைசி நாள் வரைக்கும் நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கேயே நில்லு என்று ஒரு தடவையாவது என்னைச் சொல்லிவிடமாட்டாளா என்று. சொல்லவேயில்லை.